ஒத்தெல்லோ வேடம் யாருக்கு? ஐரா ஆல்ட்ரிட்ஜ் கடந்து வந்த மேடைகள்

1833ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி. லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகம் நடந்துகொண்டிருந்தது. அன்றைய இங்கிலாந்தின் புகழ்பெற்ற நடிகர் எட்மண்ட் கீன் ஒத்தெல்லோவாகவும், அவருடைய மகன் சார்ல்ஸ் கீன் வில்லன் இயாகோவாகவும் நடித்துக்கொண்டிருந்தனர். நாடகத்தின் நடுவே தந்தை நிலைகுலைந்து மகனின் கைகளில் சாய்ந்தார். அதன் பிறகு அவர் மேடையேறவே இல்லை. மே மாதத்தில் காலமானார்.

தலைமை நடிகர் படுக்கையில் விழுந்ததும், அரங்க நிர்வாகி பியர் லபோர்ட் அந்த வேடத்துக்கு வேறொருவரைத் தேடினார். அவர் அழைத்து வந்தவருக்கு வயது 25. பெயர் ஐரா ஆல்ட்ரிட்ஜ். அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத்தவர்.

ஒத்தெல்லோ, வெனிஸ் நகரப் படையை வழிநடத்தும் கறுப்பினத் தளபதி. ஷேக்ஸ்பியர் அந்த நாடகத்தை எழுதி ஏறக்குறைய 230 ஆண்டுகள் ஆகியிருந்தன. அத்தனை ஆண்டுகளும் லண்டனின் பெரிய அரங்குகளில் அந்தத் தளபதியாக வந்தவர்கள் எல்லாரும் முகத்தில் மை பூசிக்கொண்ட வெள்ளையர்களே. முதன்முறையாக மை தேவைப்படாத ஒருவர் அந்த வேடத்துக்கு வந்தார். லண்டன் பத்திரிகைகள் சிலவற்றுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நியூயார்க்கில் தொடங்கிய ஆசை

ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1807ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை டேனியல், வைக்கோல் விற்றுப் பிழைத்தவர். தேவாலயத்தில் பிரசங்கமும் செய்வார். மகன் சமயப் போதகராக வரவேண்டும் என்பது அவருடைய விருப்பம். ஐரா படித்தது, கறுப்பினப் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட ஆப்பிரிக்க இலவசப் பள்ளியில். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை அப்போது முழுதாக ஒழியவில்லை. அது முடிவுக்கு வந்தது 1827இல்தான்.

பையனின் மனமோ நாடகத்தில் இருந்தது. நகரின் பெரிய அரங்கான பார்க் தியேட்டரில் கறுப்பினத்தவர்கள் மேல்மாடத்தில் மட்டுமே உட்காரலாம். அங்கிருந்துதான் அவர் ஷேக்ஸ்பியரைப் பார்த்தார். பார்க்கலாம், ஆனால் அந்த மேடையில் ஏற முடியாது.

இந்த நிலையை மாற்ற முயன்றவர் வில்லியம் பிரவுன். கப்பலில் பணியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற கறுப்பினத்தவரான அவர், 1821இல் தம் மக்களுக்கென ஒரு நாடகக் குழுவைத் தொடங்கினார். ஜேம்ஸ் ஹெவ்லெட் அதன் தலைமை நடிகர். அவர்கள் துணிந்து எடுத்துக்கொண்ட நாடகங்களில் ஒன்று ‘மூன்றாம் ரிச்சர்ட்’. ஓர் ஆங்கில மன்னரின் கதையைக் கறுப்பின நடிகர்கள் நடித்தார்கள். செய்தி பரவியதும் வெள்ளையர்களும் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களில் சிலர் கூச்சலிட்டுக் கலாட்டா செய்தனர். நாகரிகமாக நடந்துகொள்ளத் தெரியவில்லை என்று சொல்லி, பிரவுன் வெள்ளையர்களுக்கு அரங்கின் பின்பக்கத்தில் தனி இடம் ஒதுக்கியது அக்காலத்தில் பெரிய பேச்சானது.

பிரவுன் அதோடு நிற்கவில்லை. பார்க் தியேட்டருக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்து நாடகம் போட்டார். 1822ஆம் ஆண்டு ஜனவரியில் போலீசார் மேடைக்கே வந்து நடிகர்களைப் பிடித்துச் சென்றனர். இனி ஷேக்ஸ்பியர் நாடகங்களை நடிக்க மாட்டோம் என்று உறுதி கொடுத்த பிறகே அவர்கள் வெளியே வந்ததாக அன்றைய செய்திகள் கூறின. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு கும்பல் அரங்குக்குள் புகுந்து நடிகர்களை அடித்து, பொருள்களை உடைத்தது. சில ஆண்டுகளில் அந்தக் குழு மறைந்துபோனது.

பதின்ம வயதிலிருந்த ஐரா இந்தக் குழுவோடு சேர்ந்திருந்தார். தாய்நாட்டில் தமக்கு மேடை கிடைக்காது என்பதை அவர் நேரில் கண்டுகொண்டார்.

கப்பலேறிய இளைஞர்

ஆங்கில நடிகர் ஜேம்ஸ் வாலாக் அப்போது நியூயார்க்கில் நடித்துவந்தார். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்த ஐரா, 1824இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வயது 17. அதன் பிறகு அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

1825ஆம் ஆண்டு மே மாதம் லண்டனின் கிழக்குப் பகுதியில் இருந்த ராயல்டி அரங்கில் ஒத்தெல்லோவாக மேடையேறினார். அதே ஆண்டு அக்டோபரில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருந்த ராயல் கோபர்க் அரங்கில், சுரினாம் அடிமைகளின் கிளர்ச்சியைப் பற்றிய நாடகத்தில் முக்கிய வேடம் ஏற்றார். ‘டைம்ஸ்’ பத்திரிகையின் விமர்சகர் அவருடைய நடிப்பை எடைபோடாமல் உதடுகளை எடைபோட்டார். அந்த உதடுகளால் ஆங்கிலத்தைச் சரியாக உச்சரிக்க முடியாது என்பது அவருடைய தீர்ப்பு. அரங்கில் இருந்த மக்களோ கைதட்டி வரவேற்றனர். இந்த முரண் ஐராவின் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

அந்த நவம்பரில் அவர் மார்கரெட் கில் என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார். கலப்புத் திருமணமும் அவரைத் தாக்குவோருக்கு ஒரு காரணமாயிற்று.

அக்கால லண்டனில் ஒரு சட்டச் சிக்கலும் உண்டு. பாட்டும் இசையும் கலக்காத வசன நாடகங்களை நடத்தும் உரிமை, அரச அனுமதி பெற்ற சில அரங்குகளுக்கு மட்டுமே இருந்தது. ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் இரண்டும் அவற்றில் முதன்மையானவை. மற்றவை சிறு அரங்குகள் எனப்பட்டன. 1843இல்தான் இந்தத் தனியுரிமை நீங்கியது. ஆகவே சிறு அரங்கில் எவ்வளவு கைதட்டல் வாங்கினாலும், அந்தப் பெரிய அரங்குகளில் கால் வைக்காதவரை ஒரு நடிகரைத் தலைநகரம் பெரிய நடிகராக ஏற்றுக்கொள்ளாது.

ஊர் ஊராக நடந்த கலைஞர்

லண்டன் கதவு திறக்காததால் ஐரா வெளியூர்களுக்குப் புறப்பட்டார். மான்செஸ்டர், லிவர்பூல், எடின்பரோ, டப்ளின் என ஊர் ஊராகச் சென்றார். ஒவ்வோர் ஊரிலும் அந்தந்த ஊர்க் குழுவோடு சேர்ந்து நடிப்பார். பழைய ரோமாபுரியின் புகழ்பெற்ற நடிகர் ரோசியஸின் பெயரைச் சேர்த்து, ‘ஆப்பிரிக்க ரோசியஸ்’ என்று விளம்பரத் தாள்கள் அவரை அறிவித்தன. அவர் செனகல் இளவரசரின் வழிவந்தவர் என்றும் கதை பரப்பப்பட்டது. வைக்கோல் வியாபாரியின் மகன் என்று சொன்னால் கூட்டம் வராது. இளவரசர் என்றால் வரும். இந்தக் கதையை ஐரா மறுக்கவில்லை, பயன்படுத்திக்கொண்டார்.

1828இல் கொவென்ட்ரி நகர அரங்கின் நிர்வாகப் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 20. பிரிட்டனில் ஓர் அரங்கை நடத்திய முதல் கறுப்பினத்தவர் அவரே. நாடகம் முடிந்ததும் திரைக்கு முன்னால் வந்து, அடிமை முறையின் கொடுமையைப் பற்றிப் பார்வையாளர்களிடம் பேசுவது அவருடைய வழக்கம். அவர் கொவென்ட்ரியில் இருந்த காலத்தில், அடிமை முறையை ஒழிக்கவேண்டும் என்று அந்நகர மக்கள் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினர். அந்த மனுவுக்கு அவர் தந்த தாக்கமும் ஒரு காரணம் எனக் கருதப்படுகிறது.

கறுப்பினப் பாத்திரங்கள் உள்ள நாடகங்கள் மிகக் குறைவு. ஒத்தெல்லோ, பழிவாங்கும் ஜாங்கா, ‘பூட்டு’ என்ற இசை நாடகத்தில் குறும்புக்கார வேலைக்காரன் முங்கோ. இவற்றை மட்டுமே திரும்பத் திரும்ப நடித்தால் ஓர் ஊரில் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாது. அதனால் 1830களில் அவர் வெள்ளையர் வேடங்களையும் எடுத்துக்கொண்டார். முகத்தில் வெள்ளைப் பூச்சுப் பூசி, பொய்முடி அணிந்து, மூன்றாம் ரிச்சர்டாகவும் ஷைலாக்காகவும் வந்தார். பின்னாளில் மெக்பெத், லியர் மன்னர் வேடங்களும் சேர்ந்தன. வெள்ளையர் மை பூசிக் கறுப்பினத்தவராக நடிக்கலாம் என்றால், கறுப்பினத்தவர் வெள்ளை பூசி மன்னராக நடிக்கக் கூடாதா? இந்தக் கேள்வியை அவர் வாயால் கேட்கவில்லை, மேடையில் நடித்தே கேட்டார்.

டப்ளினில் அவருடைய நடிப்பைப் பார்த்தவர்களில் எட்மண்ட் கீனும் ஒருவர். அவர் ஐராவின் திறமையை மெச்சி, வேறோர் அரங்க நிர்வாகிக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்தார். சில காலத்தில் அதே கீன் விட்டுச்சென்ற வேடம்தான் ஐராவைத் தேடி வந்தது.

இரண்டே இரவுகள்

1833 ஏப்ரல் 10ஆம் தேதி கோவென்ட் கார்டனில் திரை விலகியது. டெஸ்டிமோனாவாக நடித்தவர் எல்லன் ட்ரீ என்ற புகழ்பெற்ற நடிகை. அரங்கில் இருந்தவர்கள் ஐராவை நல்லமுறையில் வரவேற்றனர்.

மறுநாள் முதல் பத்திரிகைகள் வேறுவிதமாகப் பேசின. ஒரு பத்திரிகை, நாடகம் தொடங்குமுன்பே அவரை மேடையிலிருந்து விரட்டவேண்டும் என்று பிரசாரம் நடத்தியிருந்தது. ‘அதீனியம்’ இதழுக்கு நடிப்பு ஒரு பொருட்டாகவே படவில்லை. வாலாக்கிடம் வேலை பார்த்த ஒரு கறுப்பு வேலைக்காரர், எல்லன் ட்ரீயைப் போன்ற ஒரு பெண்மணியை மேடையில் தொட்டு நடிப்பதா என்பதே அதன் ஆத்திரம். ஒன்பது ஆண்டுகளுக்கு முந்தைய உதவியாளர் வேலையைத் தோண்டியெடுத்து இழிவாகப் பேசினர்.

அந்தக் காலச் சூழலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் குறித்து நாடே வாதாடிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அடிமைகள் மனிதர்களுக்குச் சமமல்லர் என்ற வாதத்தை நம்பிப் பிழைத்தவர்கள் லண்டனில் ஏராளம். அந்த நகரின் மிகப் பெரிய மேடைகளில் ஒன்றில், ஒரு கறுப்பினத்தவர் ஷேக்ஸ்பியரின் வசனத்தைப் பேசி மக்களின் மனத்தை உருக்குவது அவர்களுக்கு உவப்பான காட்சி அல்ல.

ஏப்ரல் 12ஆம் தேதி இரண்டாம் முறையாக நடித்தார். அதோடு சரி. அவருடைய பெயர் அந்த அரங்கின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நான்கு மாதங்கள் கழித்து, ஆகஸ்டில், அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் மாறினாலும் பெரிய அரங்கின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவர் மறுபடியும் வெளியூர் மேடைகளிலேயே காலம் தள்ளினார்.

அந்த ஆண்டுகளை அவர் வீணாக்கவில்லை. ஷேக்ஸ்பியரின் ‘டைட்டஸ் ஆன்ட்ரோனிக்கஸ்’ நாடகத்தில் ஆரன் என்ற கறுப்பினப் பாத்திரம் கொடூரமே உருவானவன். நூறாண்டுக்கும் மேலாக இங்கிலாந்தில் மேடையேறாமல் கிடந்த அந்த நாடகத்தை ஐரா எடுத்து, இன்னோர் எழுத்தாளரின் துணையோடு மாற்றி எழுதினார். அவருடைய ஆரன் வீரமும் பெருந்தன்மையும் கொண்டவன். கிடைக்கும் வேடங்கள் எல்லாம் தம் மக்களை இழிவாகக் காட்டினால், வேடத்தையே மாற்றிவிடுவது என்பது அவர் கண்ட வழி.

ஐரோப்பா விரித்த கம்பளம்

1852இல் குடும்பத்தோடு ஐரோப்பியக் கண்டத்துக்குப் புறப்பட்டார். பிரஸ்ஸல்ஸில் தொடங்கி ஜெர்மானிய நகரங்கள், ஆஸ்திரியா, ஹங்கேரி என்று பயணம் நீண்டது. மற்ற நடிகர்கள் தங்கள் மொழியில் பேச, இவர் மட்டும் ஆங்கிலத்தில் பேசுவார். சொல் புரியாதவர்களும் குரலையும் முகத்தையும் கண்டு கண்கலங்கினர். பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெடரிக் வில்லியம் கலைக்கான தங்கப் பதக்கம் வழங்கினார். 1858இல் ஜெர்மானியச் சிற்றரசான சாக்ஸ மைனிங்கன் அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் அளித்தது. லண்டன் பத்திரிகைகள் வேலைக்காரர் என்று ஏளனம் செய்தவர், நெஞ்சில் பதக்கங்களோடு திரும்பி வந்தார்.

1858இன் இறுதியில் ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடித்தார். அங்கேதான் உக்ரேனியக் கவிஞரும் ஓவியருமான தராஸ் ஷெவ்செங்கோவைச் சந்தித்தார். ஷெவ்செங்கோ பண்ணையடிமையாகப் பிறந்தவர். எழுதிய கவிதைகளுக்காகப் பத்தாண்டு நாடுகடத்தப்பட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. ஓவியர் ஃபியோதர் தால்ஸ்தோயின் வீட்டுப் பிள்ளைகள் மொழிபெயர்த்து உதவ, அடிமைத்தளையின் வலியை அறிந்த இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். அந்த டிசம்பரில் ஷெவ்செங்கோ வரைந்த ஐராவின் உருவப்படம் இன்றும் இருக்கிறது. ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861இல் ஒழிந்தது. அதன் பிறகு ஐரா ரஷ்யாவின் உள்நாட்டு நகரங்கள் பலவற்றிலும் நடித்தார்.

லண்டனும் மெல்ல இறங்கிவந்தது. 1858இல் லைசியம் அரங்கிலும் 1865இல் ஹேமார்க்கெட் அரங்கிலும் ஒத்தெல்லோவாக நடித்தார். 1863இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றார்.

அவருடைய இல்வாழ்க்கையில் குறைகளும் உண்டு. மற்றொரு பெண்ணிடம் 1847இல் பிறந்த அவருடைய மகனை வளர்த்தவர் மனைவி மார்கரெட்தான். 1864இல் மார்கரெட் மறைந்தார். மறு ஆண்டு, சுவீடன் நாட்டைச் சேர்ந்த அமண்டா வான் பிராண்ட் என்ற பாடகியை மணந்தார்.

நிறைவேறாத பயணம்

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, அடிமை முறை நாடு முழுவதும் ஒழிக்கப்பட்டது. பிறந்த மண்ணில் நடிக்கவேண்டும் என்ற எண்ணம் ஐராவுக்கு வந்தது. மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்த்த பையன், மேடையின் நடுவில் நிற்கும் நாள் நெருங்கியதாகத் தோன்றியது. அதற்கான பேச்சுவார்த்தையும் நடந்தது.

அந்தப் பயணம் நடக்கவில்லை. நாடகத்துக்காகப் போலந்தின் வூச் நகருக்குச் சென்றிருந்தபோது நோயுற்று, 1867ஆம் ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் தேதி காலமானார். வயது 60. அந்த நகரத்தின் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். போலந்துக் கலைஞர்கள் அந்தக் கல்லறையை இன்றுவரை பேணி வருகின்றனர்.

அவர் விட்டுச்சென்றது

அவருடைய மகள் அமண்டா ஆல்ட்ரிட்ஜ் லண்டனில் பாடகியாகவும் இசையமைப்பாளராகவும் குரல் பயிற்சி ஆசிரியராகவும் வாழ்ந்தார். 1930இல் பால் ராப்சன் என்ற அமெரிக்கக் கறுப்பின நடிகர் லண்டன் சவாய் அரங்கில் ஒத்தெல்லோவாக நடிக்க வந்தார். அவருக்கு வசன உச்சரிப்புப் பயிற்சி அளித்தவர்களில் அமண்டாவும் ஒருவர். தம் தந்தை ஒத்தெல்லோ வேடத்தில் அணிந்த காதணிகளை அவர் ராப்சனிடம் கொடுத்தார். அதே ராப்சன் 1943இல் நியூயார்க்கில், வெள்ளையின நடிகர்களோடு சேர்ந்து ஒத்தெல்லோவாக நடித்தபோது, அந்த நாடகம் 296 முறை அரங்கேறியது. தந்தை செய்ய நினைத்த பயணம் வேறொருவரின் கால்களால் நிறைவேறியது எனலாம்.

ஆனாலும் வழக்கம் எளிதில் மாறவில்லை. ஐரா 1825இல் நடித்த ராயல் கோபர்க் அரங்கு இன்று ஓல்டு விக் என்று அழைக்கப்படுகிறது. 1964இல் அதே அரங்கில் லாரன்ஸ் ஒலிவியே உடம்பெல்லாம் கருமை பூசிக்கொண்டு ஒத்தெல்லோவாக வந்தார். உலகமே அதைப் பாராட்டியது. அந்த மேடையில் 139 ஆண்டுகளுக்கு முன் ஒரு கறுப்பினத்தவர் நின்றதை நினைத்தவர்கள் அப்போது குறைவு.

2012இல் லொலிடா சக்ரவர்த்தி எழுதிய ‘ரெட் வெல்வெட்’ என்ற நாடகம் ஐராவின் கோவென்ட் கார்டன் நாள்களை மேடைக்குக் கொண்டுவந்தது. ஐராவாக நடித்த ஏட்ரியன் லெஸ்டர், அடுத்த ஆண்டே பிரிட்டனின் தேசிய நாடக அரங்கில் ஒத்தெல்லோவாக நடித்தார். 2015இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபர்டில், ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழு ஒத்தெல்லோ, இயாகோ இரு வேடங்களையும் கறுப்பின நடிகர்களுக்கே கொடுத்தது. ஹியூ குவார்ஷி தளபதியாகவும் லூசியன் ம்சமாட்டி வில்லனாகவும் நடித்தனர். அந்த ஊர் அரங்கில் சிறந்த ஷேக்ஸ்பியர் நடிகர்களின் பெயர் பொறித்த இருக்கைகளில் ஒன்று ஐராவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. லண்டனில் அவர் வாழ்ந்த வீட்டிலும், கொவென்ட்ரியில் அவர் நடத்திய அரங்கு இருந்த இடத்திலும் நினைவுப் பலகைகள் உள்ளன.

வேடம் யாருக்கு என்ற விவாதம் இன்றும் உலக மேடைகளில் ஓயவில்லை. ஒரு சமூகத்தின் கதையை அந்தச் சமூகத்தவரே நடிக்கவேண்டும் என்பது ஒரு தரப்பு. நிறம் பாராமல் திறமை உள்ள எவரும் எந்த வேடமும் ஏற்கலாம் என்பது மறு தரப்பு. ஐராவின் வாழ்க்கையில் இரண்டுக்கும் இடம் இருந்தது. ஒத்தெல்லோ வேடத்தை ஏற்று நடித்தார். லியர் மன்னரின் வெண்தாடியையும் தயக்கமின்றி அணிந்தார். இரண்டு இடத்திலும் அவர் எதிர்பார்த்தது ஒன்றே: தோலைப் பார்த்து முன்கூட்டியே தீர்ப்பெழுதாமல், திரை விலகும்வரை காத்திருந்து நடிப்பைப் பார்க்கவேண்டும். 1833இல் கோவென்ட் கார்டன் அவருக்குக் கொடுத்தது இரண்டே இரவுகள். அந்த இரண்டு இரவுகளைத்தான் நாடக உலகம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறது.